திருமணமாகி இருபது வருடம் கழித்து அடுப்படிக்குள் போனேன்

கேள்வி: திருமணமாகிப் பல வருடங்கள் கழித்து சமையல் கற்றுக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களிடமும் வீட்டிலும் என்ன மாறியது? (எனக்கு 41 வயது. சமையலறை மாமியார் பொறுப்பில். இனிமேல் தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறதா?)

இருக்கிறேன். நான் தொடங்கியபோது எனக்கு 43. உங்கள் கேள்வியைப் படித்ததும் என் வீட்டை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2001-இல் கல்யாணமாகி சென்னை பெரம்பூர் வந்தேன். மாமனார் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலி. சுத்த சைவம், வீட்டுக்குள் முட்டைகூட வராது. நான் சிதம்பரத்துப் பெண். அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழரை ஆகிவிடும். அத்தை விடியற்காலையில் எழுந்து காபி, டிபன், மதியத்துக்கு மூன்று அடுக்கு டிபன் கேரியர் எல்லாம் முடித்துவிடுவார். நான் உள்ளே போய் ஒரு கரண்டியைத் தொட்டால், "சவத்த விடும்மா, ரயிலுக்கு நேரமாச்சு, நீ கிளம்பு" என்பார். அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. வேலைக்குப் போகும் மருமகளுக்கு இப்படி ஒரு மாமியார் அமைவது பாக்கியம் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியாது. விருந்தாளி மாதிரி ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பேன். என் அம்மா 2014-இல் இறந்தார். காரியம் எல்லாம் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது ரயிலில் ஒன்று உறைத்தது: அம்மா செய்யும் கத்திரிக்காய் கொத்சுவை நான் ஒரு தடவைகூட எப்படி என்று கேட்டதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த நினைப்பு போகவே இல்லை.

2019 தீபாவளிக்கு மகள் அடம்பிடித்து, கேக், ரொட்டி சுடும் மின் அடுப்பான ஓ.டி.ஜி. ஒன்றை வாங்க வைத்தாள். 28 லிட்டர். வாங்கியதோடு சரி, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மகள் பிளஸ் டூ தேர்வை எழுதி முடித்த கையோடு 2020 மார்ச் ஊரடங்கு வந்தது. எனக்கும் வீட்டிலிருந்து வேலை. மே மாதம் ஒருநாள் பெட்டியைப் பிரித்தோம். சமையலறையில் பவர் பிளக் இல்லை. வாஷிங் மெஷினுக்காகப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் போட்டதுதான் இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலைப் போட்டு ஓ.டி.ஜி.யை ஏற்றினோம். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். அத்தை அடுப்பில் நின்றால் நான் செய்வது அத்தனையும் தெரியும்.

அந்த இடம் அப்படி அமைந்ததை இப்போதும் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். அத்தையின் அடுப்படியில் நான் கை வைக்கவில்லை. எனக்கென்று நாலடிக்கு மூன்றடியில் ஓர் இடம் கிடைத்தது.

ஈஸ்ட் எங்கேயும் கிடைக்கவில்லை. கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றிய சமயம், காய் வாங்குவதே பெரும்பாடு. மைதாவும் தயிரும் தெருமுனைக் கடையில் கிடைத்தன. அதனால் தயிர் கேக். இன்றுவரை நான் செய்யும் அளவு இதுதான்: தயிர் 240 கிராம், சர்க்கரை 150, எண்ணெய் 120 மில்லி, மைதா 190, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், கொஞ்சம் வெனிலா எசன்ஸ். தயிரில் சர்க்கரையைக் கரைத்து, சோடாவும் பேக்கிங் பவுடரும் சேர்த்து ஐந்து நிமிடம் வைத்தால் நுரைத்து வரும். தயிரின் புளிப்போடு சோடா சேர்ந்து கிளப்பும் வாயு அது. முட்டை இல்லாத குறையை அதுதான் ஈடுகட்டுகிறது. அப்புறம் எண்ணெய், கடைசியில் சலித்த மைதா. 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம்.

முதல் தடவை அழகாக எழும்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. பதினைந்தாவது நிமிடம் கதவைத் திறந்து பார்த்தேன். கண்ணெதிரே நடுவில் குழி விழுந்தது. மகள் "அய்யோ" என்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை குரல்:

"ஏம்மா, இட்லிக் கொப்பரைய பாதில தொறந்து பாப்பியா நீ?"

அதட்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் அப்படியே நின்றேன். மாவு வெந்து இறுகும் முன்னால் சூடு இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கிவிடும், தாங்கிப்பிடிக்க ஒன்றும் இருக்காது. இதையே பேக்கிங் வீடியோக்களில் நாலு தடவை கேட்டிருந்தேன், மண்டையில் ஏறவில்லை. அத்தை சொன்ன ஒரு வரியில் ஏறியது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குச் சமையலைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது என்று அன்று ராத்திரி படுக்கும்போதுதான் உணர்ந்தேன்.

அடுத்த வருடம் ஈஸ்ட் தாராளமாகக் கிடைத்தது, ரொட்டி போடத் தொடங்கினேன். 300 கிராம் மாவு (பாதி மைதா, பாதி கோதுமை), 200 மில்லி தண்ணீர், 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 6 கிராம் உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய். பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். இணையத்தில் கிடைத்த குறிப்புகளில் "ஒரு மணி நேரம் வைக்கவும்" என்று இருக்கும். சென்னை மே மாதத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்து புளித்த வாடை அடிக்கும். எனக்கு நாற்பது நிமிடமே அதிகம். மார்கழியில் அதே மாவு ஒன்றரை மணி நேரம் கேட்கும்.

அத்தைக்கு இது புதிதாகவே தெரியவில்லை. இட்லி மாவு கோடையில் ஆறு மணி நேரத்தில் பொங்கும், மழைக்காலத்தில் பத்து பன்னிரண்டு ஆகும் என்று ஐம்பது வருடமாகப் பார்த்தவர். ஒருநாள் வெளியே வந்து, ஈரத்துணியை விலக்கி, பிசைந்த மாவில் ஒரு விரலை அழுத்தி எடுத்தார். குழி உடனே மூடிக்கொண்டது. "இன்னும் வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபது நிமிடம் கழித்து மறுபடி வந்து அழுத்தினார். குழி மெல்ல, பாதிதான் எழும்பியது. "இப்ப வை." பேக்கரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் அதே சோதனை. அத்தை ரொட்டி மாவைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

அப்புறம் தினமும் மாவைப் பற்றித்தான் பேச்சு. இட்லிக்கு உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது, ரொட்டிக்குக் கோதுமையின் குளூட்டன் அந்த வேலையைச் செய்கிறது என்று நான் படித்ததைச் சொன்னேன். "அதான் உளுந்து பழசானா இட்லி கல்லா வருது" என்றார். உளுந்து அரைத்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தை எனக்குக் காட்டினார். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குள் இப்படி ஒரு பேச்சு இருந்ததில்லை. பிள்ளை படிப்பு, கரண்ட் பில், யார் வீட்டுக் கல்யாணம், அவ்வளவுதான் பேசியிருந்தோம்.

2022 நவம்பர் மழையில் பின்வாசல் படியில் அத்தை வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. இப்போது நான் அடுப்பில், அவர் வாஷிங் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம்.

"பருப்பு எவ்வளவு அத்தை?"

"ஒரு கை."

"யார் கை?"

கேக்குக்கு வாங்கிய டிஜிட்டல் தராசு கைகொடுத்தது. பருப்பு டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டுவேன். அவர் இடது கையால் அள்ளித் தருவார். எடை போடுவேன். துவரம்பருப்பு ஒரு கை 45 கிராம். ரசத்துக்குப் புளி 12 கிராம். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். முதல் வாரம் வெஞ்சனம் (சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி) வைக்கவே பதினொரு மணி ஆகிவிடும், ஒரு கண் அலுவலக மடிக்கணினியில். என் கணவர் இட்லி ஊற்றக் கற்றுக்கொண்டது அந்த வாரங்களில்தான். அதுவரை அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, சொல்லியும் இருக்கிறேன். இன்று காலை டிபன் அவர் பொறுப்பு.

திருநெல்வேலித் தேங்காய்ப்பால் குழம்பான சொதிதான் என்னை அழவைத்தது. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி. காயை மூன்றாம் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பால் ஊற்றி, அரைத்த இஞ்சி பச்சைமிளகாய் சேர்த்து, கடைசியில் கெட்டியான முதல் பால். முதல் பால் விட்டபின் கொதிக்கவே கூடாது. எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான். நான் அலுவலக போனை எடுக்கப் போனேன், கொதித்துவிட்டது. பதறிப்போய் அடுப்பை அணைக்காமலே எலுமிச்சையையும் பிழிந்தேன். பால் திரிந்து தனித்தனியாக நின்றது. அன்று அத்தையின் தம்பி குடும்பம் சாப்பிட வந்திருந்தது. அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் கரண்டியைப் பிடித்து ஒரு வாய் ருசி பார்த்து, "ருசி வந்துருக்கு. இஞ்சித் துவையலை நிறைய வை" என்றார். பந்தியில் தன் இலைக்குத்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கட்டுப் பிரித்தபின் அவர் மறுபடி அடுப்படிக்கு வந்தார். ஆனால் நடு அலமாரியின் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தார். "உன் மாவு, தராசு எல்லாம் இதுல வச்சிக்கோ, வெளியில எறும்பு வருது" என்றார். அந்தத் தட்டு இன்றும் என்னுடையதுதான்.

என்னிடம் என்ன மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவது என்ற தவிப்பு இல்லை. அலுவலகத்தில் ஏதாவது சரியில்லை என்றால், வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் மாவு பிசைந்தால் பாதி இறங்கிவிடுகிறது. பெரிய முடிவு எதுவும் எடுக்கவில்லை. விற்கலாமே, ஆர்டர் எடுக்கலாமே என்று நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு வேண்டாம். வாரம் இரண்டு ரொட்டி, ஒன்று எங்களுக்கு, ஒன்று எதிர்வீட்டுக்கு. இது போதும் என்று நினைக்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது. மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று போனில் கேட்டால் அத்தையே சொல்கிறார்: "ஒரு கை போடு. ஒரு கைன்னா நாப்பத்தஞ்சு கிராம்."

உங்களுக்கு ஒன்று சொல்லலாம் என்றால், மாமியார் செய்வதையே நீங்களும் செய்யப் போக வேண்டாம். அவர் செய்யாத ஏதாவது ஒன்றை, அவர் இடத்தைத் தொடாமல், அவர் கண்ணில் படும்படி செய்யுங்கள். எனக்கு அது கேக். உங்களுக்கு வேறாக இருக்கலாம். 500 ரூபாய்க்குள் ஒரு தராசு வாங்கிவிடுங்கள்.

அம்மாவின் கொத்சு பாக்கி. போன வருடம்தான் துணிந்தேன். கேட்க ஆள் இல்லை, நாக்கில் இருந்த ஞாபகம் மட்டும். கத்திரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து மசித்தேன். மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றலை நல்லெண்ணெயில் வறுத்துப் பொடித்தேன். புளிக்கரைசல், சின்ன வெங்காயம், கடைசியில் ஒரு துண்டு வெல்லம். நாலு தடவை செய்துவிட்டேன். முதல் தடவை அத்தை இட்லியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்க அம்மா பண்றதா?"

ஆமாம் என்று தலையாட்ட மட்டும்தான் முடிந்தது. இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டார்.

நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். மல்லி 10 கிராம் என்று எழுதி, அடித்து, 14 என்று மாற்றியிருக்கிறேன். இன்னும் அம்மா கைப்பக்குவம் வரவில்லை. மல்லியை இன்னும் சிவக்க வறுக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.