பேரூராட்சி போடும் சாலைக்கு எஸ்டிமேட், எம்-புக் நகல் கேட்டால் தர வேண்டுமா?

எங்கள் தெருவில் பேரூராட்சி சிமெண்ட் சாலை போடுகிறது. செலவு எவ்வளவு, கான்ட்ராக்டர் யார் என்று கேட்டால் 'அதெல்லாம் வெளியே தர முடியாது' என்கிறார்களே, சரியா?

சரியில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ)வின்படி திட்டங்கள், உத்தேசச் செலவு, பட்டுவாடா ஆகியவற்றை நீங்கள் கேட்காமலேயே அவர்கள் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் பிரிவு 6(1)ன் கீழ் மனு கொடுங்கள். பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும்.

பெரும்பாலான மனுக்கள் சொதப்புவது வாசகத்தில்தான். 'ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?' என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் எனும், போட்ட வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் இந்த வேலைக்கான பக்கங்கள், பில். தெருப் பெயர், வார்டு எண், நிதியாண்டு மூன்றையும் எழுதாவிட்டால் 'எந்த வேலை என்று தெரியவில்லை' என்று திரும்பி வரும்.

இவற்றில் உயிர்நாடி எம்-புக். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்று அதில் எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். போட்டது 12 செ.மீ.தான் என்றால் 36. மீதி 9 கன மீட்டர் காகிதத்தில் மட்டும். சாலை ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன்பே கனத்தை டேப் வைத்து அளந்து, படமும் எடுத்துவிடுங்கள், பிறகு முடியாது. வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி பெறவும் இதே சட்டத்தில் உரிமை உண்டு, மனுவிலேயே கேட்கலாம்.

'கான்ட்ராக்டரின் வணிக ரகசியம்' என்று சொல்லி, தர மறுக்க பிரிவு 8(1)(ஈ)யைக் காட்டுவார்கள். எம்-புக் அலுவலகப் பொறியாளர் எழுதும் பதிவு, கான்ட்ராக்டரின் ரகசியமல்ல. மேல்முறையீட்டில் இதையே எழுதுங்கள்.

கெடு 30 நாள். அதைத் தாண்டினால் நகல்கள் இலவசம், பிரிவு 7(6). பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இரண்டிலும் முதல் மனுவின் நகலையும் ஒப்புகையின் நகலையும் இணையுங்கள்.