கையால் செய்த டியூப் கிட்டார் ஆம்ப் காசுக்குத் தகுமா?

கோலாலம்பூரில் வாரக்கடைசியில் மட்டும் வாசிப்பவர், அமெரிக்காவில் ஒருவர் கையால் செய்த டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வுகளில் ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி) செகண்ட் ஹேண்டில் வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை.

எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது டம்பிள், ட்ரெயின்ரெக் என்ற அமெரிக்கக் கைவேலை ஆம்புகளின் கதைகளைப் படித்துத்தான். ட்ரெயின்ரெக் செய்த கென் ஃபிஷர் ஆம்புக்கு வரிசை எண் போடாமல் பெண் பெயர் வைப்பார். டம்பிள் ஆம்பைத் தன் பெயரிலேயே செய்து 2022இல் இறந்த டம்பிள், யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று சர்க்கியூட்டின் மேல் எபாக்ஸி பிசினை ஊற்றி மூடிவிடுவார். இருவரும் சேர்ந்து செய்ததே சில நூறுதான். டம்பிள் ஒன்று லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போகிறது. நான் வாங்கியது அந்தப் பாணியில் வேறொருவர் செய்தது, 9,000 வெள்ளி (ரிங்கிட்). பிசின் உட்பட அதே பாணி.

செந்தூலில் ஒரு கல்யாணம். அது 120 வோல்ட் ஆம்ப், நம் ஊர் 240 வோல்ட்டைப் பாதியாகக் குறைக்க ஸ்டெப்-டவுன் பெட்டி வைத்திருந்தேன். உதவிக்கு வந்த அத்தை மகன், கனமாக இருக்கிறதே என்று அந்தப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு, டிராவல் அடாப்டரை மாட்டி நேராகச் சுவரில் செருகிவிட்டான். "மச்சான், இன்னைக்கு டியூப் நல்லா எரியுது" என்றான். எரியாமல்? டியூபைச் சூடாக்க 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் அதுபோல் இரண்டு மடங்கு போகிறது. ஃபியூஸாவது போயிருக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் பெரிய ஃபியூஸாகப் போட்டு வைத்திருந்த புண்ணியத்தில் அது அசையவே இல்லை. பெண் மண்டபத்துக்குள் வரும்போது என் பக்கம் புகை.

கல்யாண வீட்டுக்காரர் எனக்குப் பேசிய காசில் 200 வெள்ளி பிடித்துக்கொண்டார், மண்டபத்தில் புகை வந்ததற்காக. அதே மேடையில் டெகரேஷன்காரர் விட்ட புகை மெஷினுக்குத் தனியாகக் காசு கொடுத்தார். பாடுகிறவருக்கு முன்பணம், வாசிக்கிறவனுக்குப் பிரியாணி. இதைப் பேசினால் விடிந்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ஜாலான் பாசாருக்கு ஆம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த சீன அங்கிள் முதலில் ஒரு ரெசிஸ்டரை வைத்து கெப்பாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம், நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றலாம் என்றார். அப்புறம் அந்தக் கறுப்புப் பிசினைப் பார்த்தார். "தா போலே", முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

'மாடலர் (ஆம்ப் ஓசையை டிஜிட்டலில் போலச் செய்யும் பெட்டி) வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை உண்டா' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: அதுவும் என்னிடம் இருக்கிறது, அதில்தான் இப்போது பிழைப்பு. ஆனால் அந்த ஆம்பில் கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் உறுமல் அப்படியே மணியோசையாகத் தெளியும். எட்டு மாதம் அதைக் கேட்டேன். கொடுத்த காசு அதற்குத் தகும்.

விற்பவரிடம் உள்பக்கப் படம் கேளுங்கள். பிசின் தெரிந்தால் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் இணைப்பு இருக்கிறதா, 50 ஹெர்ட்ஸ் தாங்குமா என்றும் கேளுங்கள். ஸ்டெப்-டவுன் பெட்டி வோல்ட்டைத்தான் குறைக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் ஊர் கரண்டில் கூடுதலாகச் சூடாகும். ஃபியூஸை நீங்களே கழற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.