தம்பியை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், யாரைக் கேட்பது?

வள்ளியூர் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மஃப்டியில் வந்த வடமாநில போலீசார் தம்பியைக் கூட்டிப்போய் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்களாம். உள்ளூர் ஸ்டேஷனில் 'எங்களுக்குத் தெரியாது' என்கிறார்களாம். யார் பொறுப்பு?

அண்ணாச்சி, 'தெரியாது' என்பது ஒரு பதிலே இல்லை. பெயர்க் குழப்பத்தில் பிடிபட்ட காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மன்காரரை ஐரோப்பாவில் உள்ள மாசிடோனியா நாடு 2004-ல் தன் தலைநகர் ஸ்கோப்யே விமான நிலையத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவிடம் ஒப்படைத்தது. அங்கேயே அவரைச் சித்திரவதை செய்து ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோனது சிஐஏ ஆட்கள்தான், ஆனாலும் 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மாசிடோனியாவைப் பொறுப்பாக்கி 60,000 யூரோ கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது, நியாயம் ஒன்றுதான். 'ஏர்போர்ட் கேரளாவில் இருக்கு, அங்கே கேளுங்க' என்பார்கள். நகராதீர்கள், ஆளைத் தூக்கியது வள்ளியூரில்.

கைது செய்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், முடியாதென்றால் இங்கேயே உள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் டிரான்சிட் வாரண்ட் வாங்க வேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. இதைத்தான் ரப்பராக இழுப்பார்கள். ரயிலில் போனால் இரண்டு நாள் என்று சொல்லலாம், சரி. விமானத்தில் டெல்லிக்கு மூன்றரை மணி நேரம், அவ்வளவுதான் கழியும். லாட்ஜில் வைத்திருந்த ராத்திரி கழியாது, டீ குடிக்க நின்ற நேரமும் கழியாது.

கோர்ட் எதிரே டீக்கடையில் இரண்டு போனோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். 'டெல்லியில நமக்கு ஆள் இருக்கு, ஐம்பது ரூபா தாங்க, தம்பி சாயங்காலம் பேசுவான்' என்பார். ஐம்பது என்றால் ஐம்பதாயிரம். தாலிச்செயினை அடகு வைத்துவிட்டு என்னிடம் வந்த ஒரு அம்மா கையில் இருந்த 'ஜாமீன் உத்தரவு', யாருடையதோ பழைய வாய்தா தாளின் ஜெராக்ஸ். காசில்லை என்றால் 15100-க்கு போன் செய்யுங்கள், காவலில் இருப்பவருக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்.

இன்றைக்கே எஸ்பிக்கு இமெயில் அனுப்புங்கள், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் என்று. ஏர்போர்ட் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி, அங்கே பாதுகாப்பு பார்க்கும் சிஐஎஸ்எஃப் படைக்கும் ஒன்று. தம்பி எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. ஸ்டேஷனில் மனுவை வாங்க மாட்டார்கள், மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்தும் சிஎஸ்ஆர் (மனு வாங்கியதற்கான ரசீது) கேட்டால் பேனா தேடுகிறார்கள். ஸ்பீடு போஸ்டில் போட்டுவிட்டு தபால் ரசீதை ஜெராக்ஸ் எடுங்கள், அந்த மை இரண்டு மாதத்தில் மங்கிவிடும்.