டிராக்டரில் மரம் இழுப்பது: வந்த கேள்விகளும் என் பதில்களும்

தேக்கு, மலைவேம்பு, சில்வர் ஓக் என்று வெட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலதை மட்டும் எடுத்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, சீட்டுக்குப் பின்னால, கலப்பையைப் பிடிக்கிற மேல் கம்பியான டாப் லிங்க் மாட்டுற இடத்துல செயினைக் கட்டினா கட்டை முனை தூக்கிக்கிட்டு சுலபமா வருது. எல்லாரும் திட்டுறாங்க. அதுல என்ன தப்பு?

திட்டுகிறவர்கள் சொல்வதுதான் சரி. இழுத்துக்கொண்டு போகும்போது கட்டை ஒரு வெட்டிய அடிமரத்திலோ பாறையிலோ மாட்டுகிறது என்று வையுங்கள். பின்சக்கரம் மண்ணை நன்றாகப் பிடித்திருக்கிறது, சுற்ற முடியவில்லை, ஆனால் இன்ஜின் விசையை விடவில்லை. அப்போது சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடம்பே பின் ஆக்ஸிலைச் சுற்றி மேலே கிளம்பும். செயின் ஆக்ஸிலுக்கு மேலே கட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து வண்டியைப் பின்னால் மல்லாத்தும். முக்கால் நொடிக்குள் திரும்ப முடியாத இடத்தைத் தாண்டிவிடும், ஒன்றரை நொடியில் வண்டி உங்கள் மேல். கிளட்ச் மிதிக்கலாம் என்று மூளை நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆக்ஸிலுக்குக் கீழே, டிரெய்லர் மாட்டுகிற டிராபாரில் கட்டினால் கதை வேறு. முன்பக்கம் தூக்கத் தூக்க டிராபார் இன்னும் கீழே இறங்கும், கவிழ்க்கும் விசை குறைந்துகொண்டே போகும், பெரும்பாலும் சக்கரம் வழுக்கும் அல்லது இன்ஜின் நின்றுவிடும். டாப்ஸ்லிப் பக்கம் அந்தக் காலத்தில் யானைகளை வைத்துத்தான் மரம் இழுத்தார்கள். கட்டை மாட்டினால் யானை நின்று திரும்பிப் பார்க்கும். டிராக்டருக்கு அந்த அறிவு கிடையாது.

முனை மண்ணில் குத்துகிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், முனையின் கீழ்ப்பக்கத்தைக் கோடாரியால் சரிவாகச் சீவிவிடுங்கள். கலப்பையைத் தூக்குகிற லிஃப்ட் கைகளுக்கு நடுவே இரும்புப் பட்டை போட்டு இழுப்பதானால் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினால் போதும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

45 எச்பி வண்டி. எவ்வளவு பெரிய கட்டை இழுக்கலாம்?

எச்பியை விடுங்கள், கட்டையின் எடையைப் போடுங்கள். 4 அடி சுற்றளவு, 12 அடி நீளம் என்றால் மரக்கடைக் கணக்கில் சுற்றளவில் கால் பங்கு 1 அடி, ஆக 1 × 1 × 12 = 12 கன அடி. ஆனால் அந்தக் கணக்கு வியாபாரத்துக்கானது. உண்மையில் அந்தக் கட்டையில் 15 கன அடிக்கு மேல் மரம் இருக்கும். பச்சை மரத்துக்குக் கன அடிக்கு 28 கிலோ என்று வைத்தால் 430 கிலோவை ஒட்டி வரும். அது ஒன்றே ஒன்று. இரண்டைச் சேர்த்துக் கட்டி "வண்டி இழுக்குதே" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இழுக்கும். நிறுத்துவதும் திருப்புவதும்தான் சிக்கல். ஸ்டியரிங் லேசாகிவிட்டது, முன்சக்கரம் திருப்பினாலும் வண்டி நேரே போகிறது என்றால் சுமை அதிகம் என்று அர்த்தம். முன்னால் வெயிட் போடுங்கள் அல்லது கட்டையை இரண்டாக அறுங்கள்.

நைலான் கயிறு போதாதா? செயின் விலை அதிகமாச்சே.

போதாது. நைலான் நீளும், அறுந்தால் ரப்பர் மாதிரி திரும்பி அடிக்கும், நுனியில் கொக்கி இருந்தால் அது குண்டுதான். இழை பிய்ந்த ஸ்டீல் ரோப்பும் அப்படித்தான். நல்ல செயினாக வாங்குங்கள், அடிப்பக்க முனையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி விட்டு இறுக்கிக் கட்டுங்கள். அடிப்பக்கம் முன்னால் வந்தால் வெட்டிய கிளைக் கணுக்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், எதிலும் மாட்டாமல் வழுக்கி வரும். தொய்வை மெதுவாக எடுத்துவிட்டு அப்புறம் இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் எந்தச் செயினும் தாங்காது. செயின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்டம். சில்வர் ஓக்கைச் சரிவில் இறக்க வேண்டும்.

முடிந்தால் டிராக்டரைச் சரிவுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். சமமான பாதையில் நிறுத்தி நீளமான ஸ்டீல் ரோப் போட்டு, வண்டிக்கு நேர் பின்னாலிருந்து வருகிற மாதிரி இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் வண்டி ஒருக்களித்துச் சாயும்.

போய்த்தான் ஆகவேண்டும் என்றால் சரிவுக்குக் குறுக்கே ஓட்டாதீர்கள், நேராக ஏறி நேராக இறங்குங்கள். இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் பூட்டிச் சேர்த்துவிடுங்கள். வயலில் திருப்பும்போது பிரித்துவிட்டு அப்படியே மலைக்கு வருகிறவர்கள் உண்டு, ஒரு பெடல் மட்டும் அமுங்கினால் வண்டி சுழன்றுவிடும். மேலேயே லோ கியர் போட்டு இறங்குங்கள், நடுவில் கிளட்சைத் தொடவே கூடாது. செயின் குட்டையாக இருக்கட்டும், இல்லையென்றால் கட்டை உருண்டு வந்து சக்கரத்தில் இடிக்கும். வேகம் பிடிப்பது போலத் தெரிந்தால் லிஃப்ட்டை இறக்குங்கள், முனை மண்ணை உழுது அதுவே பிரேக் ஆகும். ஒருமுறை மழைக்கு மறுநாள் அவசரப்பட்டு இறங்கி, எனக்கு அந்த லிஃப்ட்தான் கைகொடுத்தது. ஈர மண்ணில் இப்போதெல்லாம் இறங்குவதில்லை.

பையன் மட்கார்டில் உட்கார்ந்து கட்டையைப் பார்த்துக்கொள்வானே?

வேண்டாம். இதில் விவாதமே இல்லை.

மேலே கூரை இருக்கிறது, சீட் பெல்ட் போடலாமா?

வெயிலுக்குப் போட்ட கூரை கவிழும்போது நசுங்கிவிடும். கம்பெனியே பொருத்திய பாதுகாப்பு இரும்புச் சட்டகம் இருந்தால் பெல்ட் கட்டாயம். அந்தச் சட்டகம் இல்லாத வண்டியில் பெல்ட் போட்டுக்கொண்டால் நீங்கள் வண்டியோடு சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள்.

சொந்தத் தோட்டத்து மரம்தானே, யாரைக் கேட்க வேண்டும்?

1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் ஊர்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சமவெளியிலும் சில மரங்களுக்கு, குறிப்பாகச் சந்தனத்துக்கு, தனி விதி உண்டு. கட்டைகளை ரோட்டோரம் அடுக்கிவிட்டு லாரி வந்த பிறகு ஓடாதீர்கள். ரம்பத்தை எடுப்பதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.