ஒரே எக்ஸ்ரே, இரண்டு அளவுகள்: யார் சொல்வது சரி?
முதுகெலும்பு வளைவை ஒரு ரேடியாலஜிஸ்ட் 22 டிகிரி என்றும், அதே படத்தை இன்னொருவர் 26 என்றும் எழுதியிருக்கிறார், யார் தப்பு என்று கேட்கிறீர்கள். அநேகமாக இருவருமே இல்லை.

இந்த டிகிரிக் கணக்கு, 1948-இல் ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் விவரித்த கோணம். வளைவின் மேலும் கீழும் அதிகம் சாய்ந்த எலும்புகளைத் தேர்ந்து, அவற்றின் விளிம்பையொட்டிக் கோடு இழுத்து, இரண்டு கோடுகளுக்கும் இடையிலான கோணத்தை அளப்பார்கள். சிக்கலே அந்தத் தேர்வில்தான்: ஒருவர் ஓர் எலும்பு தள்ளி எடுத்தாலே கோணம் மாறிவிடும். விளிம்பு மங்கலாக இருந்தால் கோடும் பிசகும். ஏன், அதே ஆள் மறுநாள் அளந்தாலும் எண் கொஞ்சம் நகரும்!

அதனால் ஐந்து டிகிரிக்குள் இருக்கும் வித்தியாசத்தை வளைவு கூடிவிட்டதாகப் பொதுவாகக் கணக்கிடுவதில்லை. அடுத்த முறை பழைய படத்தையும் கொண்டுபோங்கள். ஒருவரே இரண்டையும், அதே எலும்புகளை வைத்து அளக்கட்டும்.