பல்கலைக்கழக விளம்பரத்தில் மொத்த இடங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வணக்கம் அம்மா. மத்தியப் பல்கலைக்கழக விளம்பரத்தை அனுப்பி, "இத்தனை இடம் போட்டிருக்கிறார்களே, எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த என் மகளுக்கு ஒன்றுகூடவா கிடைக்காது?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த மொத்தக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். உள்ளே துறைவாரி அட்டவணையில் இயற்பியலுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2019 சட்டப்படி ஆசிரியர் இடஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே அலகு, அதாவது எல்லாத் துறை இடங்களையும் சேர்த்தே ஒதுக்கீடு கணக்கிடுவார்கள், அதனால் ஒரு துறையில் இருக்கும் ஒரே இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் போயிருக்கலாம்.

அடுத்து நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசிய தகுதித் தேர்வு. உதவிப் பேராசிரியர் பதவிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்தது உண்மைதான். ஆனால் நெட்டாவது வேண்டும், உங்கள் மகளிடம் இப்போதைக்கு இரண்டுமே இல்லை. நெட் வந்த பிறகும், நேர்காணலுக்கு ஆள் பொறுக்க ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. உங்கள் மகளுக்கு பி.எஸ்சி.யில் வாங்கிய 71 சதவீதத்துக்கு 13, எம்.எஸ்சி.யில் வாங்கிய 62 சதவீதத்துக்கு 23, நெட்டுக்கு 5, ஆக 41. அதே மதிப்பெண்ணோடு பிஎச்.டி. முடித்தவருக்கு அதற்கே தனியாக 30 சேரும், ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10 வரை. நூறு பேர் விண்ணப்பித்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அதனால் அவள் சிஎஸ்ஐஆர் நெட்டுக்குப் படிக்கட்டும் (இயற்பியலுக்கு அதுதான், யுஜிசி நெட் இல்லை), பிஎச்.டி. இடமும் தேடட்டும். ஆசிரியர் பதவிக்கு வயது வரம்பு கிடையாது, அவசரமில்லை.

அவசரம் இருப்பது நீங்கள் தள்ளிவிட்ட இன்னொரு பட்டியலில். ஆசிரியரல்லாத பணிகளுக்கு வயது வரம்பு உண்டு, அது ஓடிக்கொண்டே இருக்கும். "இவ்வளவு படித்துவிட்டு லேப் வேலையா?" என்கிறீர்கள். ஆய்வக உதவியாளருக்குப் பொதுவாக ஊதிய நிலை 4, அடிப்படைச் சம்பளமே 25,500 ரூபாய், மேலே அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. எம்.எஸ்சி. முடித்த பெண்ணுக்குப் பல தனியார் கல்லூரிகள் இந்த அடிப்படையைக்கூடத் தருவதில்லை, அம்மா. இளநிலை எழுத்தர் என்றால் ஆங்கிலத் தட்டச்சில் நிமிடத்துக்கு 35 வார்த்தை கேட்பார்கள், அதை இன்றே பழக ஆரம்பிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே நெட் எழுதலாம், துறை அனுமதி வாங்கிப் பகுதி நேர பிஎச்.டி.யும் செய்யலாம்.

"பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மத்திய அரசு 2016-லேயே இப்படிப்பட்ட கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்காணலை எடுத்துவிட்டது, எழுத்துத் தேர்வும் திறன் தேர்வும்தான் முடிவு செய்யும்.

அப்புறம் ஒரு விஷயம், இதில்தான் நம் பிள்ளைகள் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கையில் இருக்கும் மாநில அரசின் பிசி (பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் விளம்பரத்தில் கேட்டிருக்கும் காலத்துக்கு உரியதாக. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கடைசித் தேதிக்கு முன் கைக்கு வர வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்ததோடு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பல இடங்களில் அச்செடுத்து, சுயசான்றொப்பமிட்ட நகல்களோடு தபாலில் அனுப்பச் சொல்வார்கள், அதற்குத் தனிக் கடைசித் தேதி இருக்கும். ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.