வாசகர் கேள்வி – பதில்: துத்தநாகத்தை நிறுத்துப் போட்ட கரண்ட் பில்

கேள்வி (ஒரு வாசகர், கும்பகோணம்): 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் கம்பெனி மின்சாரம் விற்கத் தொடங்கியபோது, இன்று நாம் பார்ப்பது போன்ற மீட்டரே இல்லையாமே? எதை வைத்துக் காசு வாங்கினார்கள்?

பதில்: துத்தநாகத்தை எடைபோட்டுக் காசு வாங்கினார்கள். வாடிக்கையாளர் கட்டடத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் துத்தநாக சல்ஃபேட் கரைசல் ஊற்றிய கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் இரண்டு துத்தநாகத் தகடுகள். உள்ளே போகும் கரண்டில் பெரும்பகுதி ஓர் உலோகப் பட்டை வழியாக நேரே விளக்குகளுக்குப் போய்விடும். மிகச் சிறிய பங்குதான் ஜாடிக்குள் நுழைந்து, ஒரு தகட்டைக் கரைத்து மற்றதில் படியவைக்கும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகடுகளை எடுத்துப் போவார். கம்பெனியில் அவற்றைக் கழுவி, உலர்த்தி, நுண்தராசில் நிறுப்பார்கள்.

1 ஆம்பியர்-மணி கரண்ட் (ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு) 1.22 கிராம் துத்தநாகத்தை நகர்த்தும்; இது மாறாத கணக்கு. ஜாடிக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ஆம்பியர்-மணி செலவானால்தான் தகட்டில் 1.22 கிராம் வித்தியாசம் தெரியும். நிறுக்கும்போது 10 மில்லிகிராம் பிசகினால் பில்லில் 8 ஆம்பியர்-மணி பிசகும். தகட்டைச் சரியாக உலர்த்தாமல் ஈரத்தோடு நிறுத்தாலே கணக்கு கெட்டுவிடும்.

குளிர்காலம் இன்னொரு தொல்லை. கரைசல் உறைந்தால் அளப்பதே நின்றுவிடும். அதற்காகப் பெட்டிக்குள் ஒரு பல்பு வைத்தார்கள். குளிர் கூடினால் ஈருலோகப் பட்டை வளைந்து அந்தப் பல்பை எரியவிடும்; அந்தச் சூட்டில் ஜாடி உறையாமல் இருக்கும். இவ்வளவு எளிய பொருள்களை வைத்து இத்தனை நுட்பமாக அளந்தது எங்களுக்குப் பெரிய வியப்பு. ஒரே குறை, வாடிக்கையாளர் தாமே பார்த்துச் சரிபார்க்க அதில் எதுவும் இல்லை. தொடக்க மாதங்களில் கட்டணமே வாங்கவில்லை. முதல் பில் 1883 ஜனவரியில் ஒரு பித்தளை–செம்புக் கம்பெனிக்குப் போனது: 50 டாலர் 44 சென்ட்.

கேள்வி (மின்வாரியப் பணியாளர் ஒருவர், ஈரோடு): நியூயார்க்கில் எடிசன் அமைத்த பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம் ஒரு சதுர மைல் பரப்புக்குக்கூட மின்சாரம் தரவில்லை என்று படித்தேன். ஜெனரேட்டர் போதாததாலா?

பதில்: இல்லை, செம்பின் விலை. அது 110 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம்). அதே சுமையை இரண்டு மடங்கு தூரத்துக்கு, அதே வோல்டேஜ் இழப்போடு கொண்டுபோக வேண்டுமானால் கம்பியின் நீளமும் இரட்டிக்கும், கனமும் (குறுக்குவெட்டுப் பரப்பு) இரட்டிக்கும். ஆகச் செம்பு நான்கு மடங்கு. தெருவுக்கடியில் இருபதடி இரும்புக் குழாய்களில் செம்புத் தண்டுகளை வைத்து, காப்புக் கலவையைக் காய்ச்சி ஊற்றிப் புதைத்தவர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

1883-இல் வந்த மூன்று கம்பி முறை இதைத் தளர்த்தியது. வெளிக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே 220 வோல்ட்; நடுக் கம்பிக்கும் ஏதேனும் ஒரு வெளிக் கம்பிக்கும் இடையே 110. ஒவ்வொரு கம்பியும் பழைய கம்பியில் கால்வாசிக் கனம் இருந்தால் போதும். மூன்றையும் கூட்டினாலும் முன்பு ஆன செம்பில் 37.5 சதவீதம்தான்.

ஆபத்து எங்கே என்பது உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்: நியூட்ரல் (அந்த நடுக் கம்பி) கட்டானால். ஒரு பக்கம் 10 விளக்கு, மறுபக்கம் 30 விளக்கு எரியும்போது நடுக் கம்பி அறுந்தால், 10 விளக்கு உள்ள பக்கம் 165 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 55-க்கு இறங்கும். நம் தெருக்களில் நியூட்ரல் போனதும் டி.வி., ஃபிரிட்ஜ் எரிவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): நியூயார்க்கில் இன்று மின்சாரம் தரும் கான் எடிசன் அதே கம்பெனிதானா?

பதில்: அதன் வாரிசு. எரிவாயுக் கம்பெனி ஒன்று மின் கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டே வந்து, 1936-இல் கன்சாலிடேட்டட் எடிசன் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கேள்வி (லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், சென்னை): மன்ஹாட்டனில் 2007 வரை டி.சி. சப்ளை இருந்தது உண்மையா?

பதில்: உண்மை. 2007 நவம்பர் 14 அன்றுதான் கடைசி இணைப்பைத் துண்டித்தார்கள். அதைத் தாங்கிப் பிடித்தவற்றில் முக்கியமானது உங்கள் தொழில்தான்: பழைய கட்டடங்களின் லிஃப்ட். டி.சி. மோட்டாரின் வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கலாம், குறைந்த வேகத்திலும் நல்ல இழுவை இருக்கும். மோட்டாரை மாற்ற முடியாதவர்கள் கட்டடத்திலேயே ரெக்டிஃபையர் வைத்து, வருகிற ஏ.சி.யை (திசை மாறி மாறி ஓடும் மாறுமின்சாரத்தை) டி.சி.யாக்கிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட கட்டடத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள எந்தக் கருவியையும் டி.சி.யில் சொருகக்கூடாது, கரண்டைக் கட்டுப்படுத்தச் சுருளின் சொற்ப மின்தடை மட்டுமே மிஞ்சுவதால் அது கருகிவிடும். ஏ.சி.க்கு மட்டும் செய்த சுவிட்சும் ஆகாது. ஏ.சி.யில் கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி தானே அணையும். டி.சி.யில் அணையாது, சுவிட்சின் தொடுமுனைகள் உருகும்வரை எரியும்.